டைனமோவில் கேட்ட ஸ்லேயர்

22 பெப்ரவரி 2024, கொக்குவில்

அதிகாலையில் ரொறன்ரோவிலிருந்து மச்சான் அழைத்து, "டேய், ஸ்லேயர் திரும்ப வாறாங்களாம்" என்றான், சுகம்கூட விசாரிக்கவில்லை. எங்கள் இளமைக்கால அமெரிக்க மெற்றல் இசைக்குழு, செப்டெம்பரில் சிக்காகோ விழாவொன்றில் வாசிக்கப்போகிறார்களாம். 2019 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் இங்கிள்வூட்டில் கடைசிக் கச்சேரியை முடித்த கிற்றார் கலைஞர் கெரி கிங், இடுப்புச் சங்கிலியைக் கழற்றி மேடையிலேயே விட்டுச் சென்றதைப் பார்த்துக் கண்கலங்கியவன் நான். இனி அந்தக் கண்ணீருக்கு என்ன கணக்கு?

24 பெப்ரவரி

பழைய கசெற்றைத் தேடி எடுத்தேன். மின்சாரம் இல்லாமல், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த 1992இல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மச்சான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து இழுத்த வயரில் ரேப் ரெக்கோடர் பாடும். 1986இல் வெளிவந்த அவர்களுடைய மூன்றாவது இசைத்தொகுப்பு 29 நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால், கசெற்றின் இரு பக்கங்களிலும் அதையே முழுமையாகப் பதிந்திருந்தார்கள். பின்னோக்கிச் சுற்றாமல் திருப்பிப் போட்டாலே போதும் என்பது கை வலித்தவனுக்குப் பெரிய உபகாரமாயிருந்தது. நிமிடத்துக்கு 200 தட்டுகளைத் தாண்டும் டேவ் லொம்பார்டோவின் முழவு, மச்சான் களைத்தால் ஒப்பாரிபோல இழுபடும். டொம் அராயாவின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்துக் கொழும்பில் அதை உரிய வேகத்தில் கேட்டபோது, கடைக்காரரின் இயந்திரம்தான் பழுதென்று நினைத்தேன்.

நாங்கள் டைனமோ சுற்றிய அதே 1992இல் லொம்பார்டோ விலக, போல் போஸ்டாஃப் வந்துவிட்டார். அச்செய்தி யாழ்ப்பாணத்துக்கு வந்துசேரவேயில்லை. போனவருக்காகவே கை வலிக்கச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

3 மார்ச்

தொலைபேசியில் தர்க்கம், இதை "மீளிணைவு" எனலாமா என்று. 1981இல் கிங்கும் மற்றக் கிற்றார் கலைஞர் ஜெஃப் ஹன்னமனும் தொடங்கிய குழு 2019இல் உடைந்ததென்று மச்சான் சாதிக்கிறான். நான் 2013 என்கிறேன். இடையில் திரும்பி வந்திருந்த லொம்பார்டோ அவ்வாண்டு தொடக்கத்தில் ஊதியக் கணக்கில் முரண்பட்டு மீண்டும் பிரிந்தார்; மே 2ஆம் திகதி ஈரல் நோயால் ஹன்னமன் இறந்தார். அந்த மூன்றாவது தொகுப்பின் பாட்டுகளில் பெரும்பங்கு ஹன்னமனுடையது. 2019இல் நடந்தது பிரிவன்று, ஓய்வு. அதிலும் அவசரப்பட்டுவிட்டதாகக் கிங்கே பின்னர் ஒப்புக்கொண்டார். ஓய்வுபெற்றவர் திரும்ப வேலைக்கு வருவதை "மீளிணைவு" என்று எப்படிச் சொல்வது?

23 செப்டெம்பர்

தேநீர்க்கடையில் எல்லோரும் புதிய ஜனாதிபதியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, நான் மூலையில் கைத்தொலைபேசியோடு அமர்ந்து சிக்காகோ மேடையைப் பார்த்தேன். அராயா, கிங், ஹன்னமனின் இடத்தில் கரி ஹோல்ட், முழவில் போஸ்டாஃப்: கடைசிக் கச்சேரியில் நின்ற அதே நால்வர். அராயாவின் தாடி முழுவதும் நரைத்திருந்தது. குறை காணவே உட்கார்ந்த நான், தேநீர் ஆறியதைக் கவனிக்கவில்லை.

"வேகம் குறையேல்லையே?" என்று மச்சான் எழுதிக் கேட்டிருந்தான். குறையவில்லை என்று பதில் போட்டேன்.