சரிவு மனையில் கார் எங்கே நிற்கும்?

இரண்டு இடங்களின் உயரத்தை ஒப்பிடும் தண்ணீர்க் குழாயான ட்யூப் லெவலில் தண்ணீர் ஆடி நின்றதும் மேஸ்திரி குச்சியில் கோடு போட்டார். ரோட்டைவிட மனையின் பின்பக்கம் 6 அடி உயரம்!

பலரும் வீட்டை வரைந்துவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் கார் ஷெட்டைச் செருகுகிறார்கள். சரிவு மனையில் காருக்குத்தான் முதலில் இடம் பார்க்க வேண்டும், ஏனென்றால் வீட்டுக்குப் படி வைக்கலாம், காருக்கு முடியாதே. 8 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம் என்றால் பெரும்பாலான வண்டிகள் சிரமமில்லாமல் ஏறிவிடும். ரொம்பச் செங்குத்தானால் சரிவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வண்டியின் அடிப்பாகம் உரசும்.

அதனால் கார் ரோட்டோரம், தாழ்வான பக்கம்.

வீடு மேலே, மேட்டை வெட்டிச் சமன்செய்த இடத்தின் கெட்டி மண்ணில். கொட்டி நிரப்பிய மண்ணில் அஸ்திவாரம் வேண்டவே வேண்டாம், அது மெல்ல மெல்ல அமுங்கி சுவரை விரிசல் விட வைக்கும்.

அப்புறம் மழைத்தண்ணீர். மேலிருந்து வருவதை வீட்டுக்குப் பின்னாலேயே வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட வேண்டும், மேட்டு மண் சரியாமல் தாங்கும் தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளையும் விட வேண்டும்.