லைட்ஹவுஸில் 98, தேடலில் மூன்றாம் பக்கம்

தள வேகத்தைச் சரிசெய்யும் வேலையில் அடிக்கடி காதில் விழும் புகார் இது: "லைட்ஹவுஸில் 98 வாங்கிவிட்டோம், ரேங்க் மட்டும் அசையவே இல்லை." அசையாது. லைட்ஹவுஸ் பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுள் கருவி; அந்த 98 அதில் ஒரே தடவை ஓட்டிப் பார்த்த சோதனை மதிப்பெண். கூகுள் கணக்கில் எடுப்பது, குரோமில் நிஜமாக வந்துபோனவர்களிடம் கடந்த 28 நாளில் சேர்ந்த அளவுகளை. நூறு வருகையில் 75-க்காவது பக்கம் நன்றாக இருந்திருக்க வேண்டும். இன்று திருத்திவிட்டு நாளை, தேடலில் தளத்தின் நிலையைக் கூகுள் காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்தால் பழைய சிவப்புதான் இருக்கும்.

வேகம் 2010-லேயே ரேங்கிங்கில் சேர்ந்துவிட்டது. மொபைல் தேடலுக்கு 2018 ஜூலையில் வந்தது. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாத பக்கத்தை அது மேலே தூக்காது. எல்சிபி (முதல் திரையின் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ தெரிய ஆகும் நேரம்) 6 நொடியிலிருந்து 2.5-க்கு இறங்கினால் பலன் எதிர்பார்க்கலாம். 2-லிருந்து 1.4-க்கு இறக்க மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது வீண்.

எல்சிபி கெடுவதற்குப் பெரும்பாலும் முதல் திரையின் பெரிய படமே காரணம். எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங் (திரைக்கு அருகே வரும்போது மட்டும் படத்தை இறக்குவது) போடும் ப்ளகின் இதற்கும் போட்டுவிடுகிறது. லேஅவுட் முடியும்வரை பிரவுசர் அதைக் கேட்கவே போகாது. அதற்கு மட்டும் லேசியை நீக்கி, எதை முதலில் இறக்குவது என்று பிரவுசருக்குச் சொல்லும் ஃபெட்ச் பிரயாரிட்டியை 'ஹை' ஆக்குங்கள். சிஎஸ்எஸ் பின்னணியாக வைத்திருந்தால் சாதாரண இமேஜ் டேகுக்கு மாற்றுங்கள். அதற்கும் முன்னால் ஒன்று: சர்வர் முதல் பைட்டை அனுப்பவே ஒன்றரை நொடி எடுத்தால், படத்தை எவ்வளவு சுருக்கியும் பயனில்லை. பக்கத்தைத் தயாராகச் சேமித்து வைத்துக் கொடுக்கும் கேஷிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்தது ஐஎன்பி: தட்டினாலோ சொடுக்கினாலோ பக்கம் பதில் காட்ட எடுக்கும் நேரம். 2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவின் இடத்துக்கு வந்த இதற்கு வரம்பு 200 மில்லிநொடி. அது தாண்டினால் முதலில் சாட் பெட்டியையும் விளம்பர ஸ்கிரிப்டுகளையும் நிறுத்திப் பாருங்கள்.

தமிழ்த் தளங்களில் தனித் தலைவலி சிஎல்எஸ், அதாவது பக்கத்தில் உள்ளவை எதிர்பாராமல் இடம் மாறிக் குதிக்கும் அளவு. அது 0.1-க்குள் நிற்க வேண்டும். வெப் ஃபான்ட் தாமதமாக வரும்போது எழுத்தின் அகலம் மாறுகிறது. நம் சொற்கள் நீளமானவை என்பதால் மூன்று வரித் தலைப்பு நான்காகி, கீழே உள்ளதெல்லாம் சரிகிறது. அலுவலகத்தில் இது கண்ணில் படாது. ஃபான்ட் ஏற்கெனவே கேஷில் இருக்கும். சிஎஸ்எஸ்ஸில் சைஸ்-அட்ஜஸ்ட் போட்டு, வெப் ஃபான்ட் வரும்வரை தெரியும் மாற்று ஃபான்டின் அளவைப் பொருத்தலாம், ஆனால் விண்டோஸின் நிர்மலா ஃபான்டை வைத்துப் பொருத்தினால் ஆண்ட்ராய்டின் நோட்டோவில் மறுபடி குதிக்கும். வாசகர்களில் பெரும்பாலானோர் போனில்தான் வருகிறார்கள் என்றால் நோட்டோவை வைத்தே பொருத்துங்கள்.