கொடைக்கானலில் எம்சி கார்ட்ரிட்ஜுக்கு ஒரு ஹெட் ஆம்ப்: செய்து பார்த்த குறிப்பு

டெனான் டிஎல்-103 என்ற எம்சி (நகரும் சுருள்) கார்ட்ரிட்ஜ், அதாவது இசைத்தட்டின் அதிர்வை மின்சிக்னலாக்கும் ஊசித் தலை, ஒரு முனையில்; 40 டெசிபெல் கெயின் (பெருக்கம்) உள்ள, எம்எம் (நகரும் காந்தம்) வகைக்கான சாதாரண ஃபோனோ ப்ரீஆம்ப் மறு முனையில்; எம்சியின் சிக்னல் மிகச் சிறியது என்பதால் இரண்டுக்கும் நடுவில் கையால் கட்டிய ஹெட் ஆம்ப் என்ற முன்பெருக்கி. இடம் கொடைக்கானலின் நாயுடுபுரம். முதல் தடவை ஆன் செய்தபோது, ஊசி தட்டைத் தொடும் முன்பே கொடைக்கானல் பண்பலையின் பேச்சு ஸ்பீக்கரில் மெல்லிசாக வந்தது. அதை வெளியே நிறுத்துவதில்தான் பாதி வேலை போனது. மீதி வேலை, கார்ட்ரிட்ஜின் முனைகளுக்குக் குறுக்கே வைக்கும் லோடு ரெசிஸ்டரில்.

கெயின் கணக்கு சுலபம். டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். ஆம்பிளிஃபையருக்கு 0.3 வோல்ட் போக வேண்டுமானால் 1000 மடங்கு, அதாவது 60 டெசிபெல். எம்எம் ப்ரீஆம்ப் 100 மடங்கு பார்த்துக்கொள்ளும். பாக்கி 10 மடங்கு ஹெட் ஆம்பின் பொறுப்பு.

பெருக்கும் வேலையைச் செய்யும் ஐசி விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. என்இ5532 என்ற ஐசியின் உள்ளீட்டு இரைச்சல் ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு 5 நானோவோல்ட். கார்ட்ரிட்ஜ் சுருளின் இரைச்சலையும் சேர்த்து 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கணக்கிட்டால், கார்ட்ரிட்ஜ் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி சுமார் 52 டெசிபெல்தான். ஏடி797 ஐசிக்கு 0.9 நானோவோல்ட், அதே இடைவெளி 64 ஆகிறது. டிஎல்-103-இன் 40 ஓம் சுருளே தன் வெப்பத்தால் 0.8 நானோவோல்ட் இரைகிறது. ஆகவே அதற்கும் கீழே இறங்குவதற்காகச் செலவு செய்வது வீண். இவை ரியா திருத்தத்துக்கு (தட்டில் பதிக்கும்போது குறைத்த கீழ்ச் சுரங்களையும் கூட்டிய மேல் சுரங்களையும் ப்ரீஆம்ப் பழையபடி ஆக்குவது) முந்தைய எண்கள். திருத்தம் இரண்டையும் ஒரே மாதிரி உயர்த்தும்.

நல்ல ஐசி போட்டும் இரைச்சல் குறையாமல் போவதற்கு கெயினைத் தீர்மானிக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டர்தான் வழக்கமான காரணம். பழக்க தோஷத்தில் 1 கிலோ ஓமும் 9.1 கிலோ ஓமும் போட்டால், அந்த ஜோடி மட்டுமே 3.8 நானோவோல்ட் சேர்த்துவிடும். ஏடி797-க்குக் கொடுத்த பணம் போச்சு. இங்கே கிரவுண்டுக்கு 10 ஓம், ஃபீட்பேக்கில் 91 ஓம், இரண்டும் 1 சதவீத மெட்டல் ஃபிலிம். கெயின் 10.1. உள்ளீட்டில் கிரவுண்டுக்கு ஒரு 47 கிலோ ஓம், வெளியீட்டில் 47 ஓமும் 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரும் தொடராக. ஐசிக்கு மின்சாரம் வரும் 4, 7 கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் செராமிக், பக்கத்தில் 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்.

இனி வானொலி. பண்பலை ஒலிபரப்பாவது 100.5 மெகாஹெர்ட்ஸில். அலைநீளம் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, கால் அலை 75 சென்டிமீட்டர். டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) கம்பியும் ஆர்சிஏ கேபிளும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த நீளம்தான் வருகிறது. நாமே ஏரியல் கட்டிக் கொடுத்த மாதிரி. எஃப்எம் அலையின் உயரம் மாறாது என்பதால் ஐசி அதைப் பிரித்தெடுத்துப் பேச்சாக்கக் கூடாதுதான். ஆனால் கேபிளின் ஒத்ததிர்வுச் சரிவில் (அதிர்வெண் மாறினால் சிக்னல் ஏறி இறங்கும் பகுதியில்) அந்த அலைவரிசை விழுந்தால், அதிர்வெண் மாற்றம் உயர மாற்றமாகிவிடுகிறது. அதை ஐசியின் உள்ளீட்டு டிரான்சிஸ்டர் பேச்சாக்கி, 1000 மடங்கு பெருக்கி அனுப்புகிறது.

எந்த வழியாக நுழைகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்சிஏ பிளக்குக்குள்ளேயே நடு முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்துச் சால்டர் செய்த ஷார்ட் பிளக் இரண்டு போதும். அவற்றை ஹெட் ஆம்ப் உள்ளீட்டில் செருகியதும் பேச்சு அடியோடு நின்றது. அப்படியென்றால் குற்றவாளி டோன்ஆர்ம் பக்கத்துக் கேபிள். நின்றிருக்காவிட்டால் வெளியீட்டுக் கேபிளையோ பவர் சப்ளையையோ சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கேபிளைக் கவ்வும் ஃபெரைட் கிளிப் போட்டதில் பேச்சு தேய்ந்ததே தவிர மறையவில்லை. அடுத்தது வடிகட்டி. எம்எம் சர்க்யூட்டில் செய்வதுபோல உள்ளீட்டில் தொடராக 100 ஓமோ 220 ஓமோ போடுவது இங்கே ஆகாது. அந்த ரெசிஸ்டரின் இரைச்சல் கார்ட்ரிட்ஜின் இரைச்சலையே மிஞ்சிவிடும். பதிலுக்கு 100 மெகாஹெர்ட்ஸில் 600 ஓம் காட்டும், டிசியில் அரை ஓமுக்கும் குறைவான ஃபெரைட் பீடு (வானொலி அலையைத் தடுக்கும் சிறு மணி) ஒன்று. அதற்குப் பின்னால் கிரவுண்டுக்கு 470 பிக்கோஃபாரட், சி0ஜி (வெப்பநிலையால் மதிப்பு மாறாத) வகை செராமிக் கெப்பாசிட்டர். மதுரைக்குப் போகிறவர்களிடம் எழுதிக் கொடுத்து அனுப்பும்போது வகையையும் சேர்த்து எழுதுங்கள். கடையில் 'செராமிக்' என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வருகிறதோ அதைத் தருவார்கள்.

இதைப் போட்டும் முதலில் பேச்சு நிற்கவில்லை. காரணம் கெப்பாசிட்டரின் கால்கள். 470 பிக்கோஃபாரட் 100.5 மெகாஹெர்ட்ஸில் வெறும் 3.4 ஓம். ஆனால் ஒரு சென்டிமீட்டர் கம்பிக்குச் சுமார் 10 நானோஹென்றி தூண்டம் உண்டு. அதே அதிர்வெண்ணில் அது 6 ஓம். அழகாக வளைத்து ஒன்றரை சென்டிமீட்டர் காலோடு நிற்க வைத்த கெப்பாசிட்டர், பண்பலையைப் பொறுத்தவரை கெப்பாசிட்டரே அல்ல. கால்களை 3 மில்லிமீட்டருக்கு வெட்டி, ஆர்சிஏ சாக்கெட்டின் முதுகிலேயே சால்டர் வைத்ததும் நிலையம் காணாமல் போயிற்று. இந்தக் குறிப்பிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி அலுமினியத்தில் வார்த்தது. மூடி உட்காரும் விளிம்பில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட வேண்டும். பெயிண்ட் இருந்தால் மூடி மூடியாக மட்டும்தான் இருக்கும், கவசமாகாது. தகர பிஸ்கட் டப்பாவும் நன்றாகவே வேலை செய்யும். எவர்சில்வர் டப்பாவில் சாதாரணச் சால்டர் ஒட்டாது. திருகும் பல் வாஷரும் தேவை.

லோடு பற்றி நிறையக் கதைகள் உலவுகின்றன. 100 ஓம் போட்டால் மேல் சுரங்கள் மங்கும், 1 கிலோ ஓம் போட்டால் திறந்துகொள்ளும் என்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. எம்சி சுருளின் தூண்டத்தை 50 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொண்டாலும், 100 ஓம் லோடில் அது வெட்டத் தொடங்குவது 440 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். காது கேட்கும் எல்லைக்கு அது வெகு தூரம். காதுக்கு உண்மையில் எட்டுவது ஒலி அளவு. 40 ஓம் சுருளுக்கு 100 ஓம் லோடு கொடுத்தால் சிக்னல் 2.9 டெசிபெல் குறைகிறது, 470 ஓமுக்கு 0.7, 1 கிலோ ஓமுக்கு 0.35. இரண்டு டெசிபெல் கூடக் கேட்பதை மனித மனம் 'தெளிவு' என்றுதான் சொல்லும்.

ஆகவே லோடை மாற்றும்போதே கெயினையும் மாற்றும்படி ஜோடிகள் செய்யப்பட்டன. லோடு 100 ஓம் என்றால் ஃபீட்பேக் 120 ஓம். 470-க்கு 91. 1 கிலோ ஓமுக்கு 86.6. மூன்றிலும் கார்ட்ரிட்ஜிலிருந்து மொத்தப் பெருக்கம் 9.3 மடங்கே, வால்யூமைத் தொடாமல் ஒப்பிடலாம். சோதனைத் தட்டின் 1 கிலோஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு எம்எம் ப்ரீஆம்பின் வெளியீட்டில் மல்டிமீட்டர் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளவும். விலை குறைந்த மீட்டர் 1 கிலோஹெர்ட்ஸில் சற்றுக் குறைத்துக் காட்டலாம். மூன்றையும் ஒரே மீட்டரால் ஒப்பிடுவதால் கவலையில்லை. ஆனால் மீட்டரின் ஓம் முனைகளைக் கார்ட்ரிட்ஜில் வைக்கவே கூடாது. 100 ஓம் லோடில் சுருளில் ஓடும் மின்னோட்டம் 2 மைக்ரோஆம்பியர்; குறைந்த ஓம் ரேஞ்சில் மீட்டர் அனுப்புவது 1 மில்லிஆம்பியர் வரை போகலாம்.

ஜோடிகளை மாற்ற ரோட்டரி சுவிட்ச் வைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும் ஊர் இது. சுவிட்ச் தொடுமுனை ஈரத்தில் கறுத்துச் சில ஓம் கூடினால், இத்தனை சிறிய ரெசிஸ்டர்கள் உள்ள சர்க்யூட்டில் இரு சேனலும் ஏறுமாறாகிவிடும். ஃபீட்பேக் ஒரு நொடி திறந்தாலே ஐசி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஸ்பீக்கர் கோன் வெளியே பாயும். தங்க முலாம் பூசிய ஐசி சாக்கெட்டில் செருகும் சின்னத் தலைகளில் ஜோடிகள் உட்காருகின்றன. மாற்றுவது பவரை நிறுத்திய பிறகுதான்.

அளவைச் சமன்செய்து கேட்டபோது 470-க்கும் 1 கிலோவுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. 100 ஓம் வேறு விதத்தில் பயன்பட்டது. கேபிளின் 200 பிக்கோஃபாரடும் நாம் போட்ட 470-ம் சேர்ந்து, சுருளோடு 870 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்கின்றன. 1 கிலோ ஓமில் அந்த அதிர்வு இரண்டு மடங்குக்கும் மேல் எழும். 100 ஓமில் எழவே எழாது. அதற்கு விலையாக இரைச்சல் சுமார் 2 டெசிபெல் கூடும். பழைய தட்டின் மேற்பரப்புச் சத்தத்துக்கு முன்னால் அந்த இரண்டு ஒன்றுமில்லை. புதிய, அமைதியான தட்டு என்றால் 470. இதைத் தீர்மானிக்க மழையில்லாத இரவாகப் பார்க்க வேண்டும். தகரக் கூரையில் தூறல் விழுந்தால் எல்லா ப்ரீஆம்பும் ஒன்றுதான்.

மின்சாரத்துக்கு 9 வோல்ட் பேட்டரி இரண்டு. ஸ்டெபிலைசர் ரிலே துள்ளும் 'டப்' சத்தமும் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் அதோடு ஒழிந்தன. இரண்டு ஐசிக்கும் சேர்த்து 16 முதல் 21 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். அதற்கு மேல் காட்டினால் ஐசி தானாகவே அலைபாய்கிறது (ஆசிலேஷன்) என்று அர்த்தம், செராமிக்கின் கால்களைக் குட்டையாக்கவும். ஆல்கலைன் பேட்டரி ஏறக்குறைய 25 மணி நேரம் தாங்கும், மார்கழிக் குளிரில் இன்னும் குறைவு. சுவிட்ச் இரு துருவ வகையாக இருக்கட்டும். ஒரு பேட்டரி மட்டும் முதலில் துண்டித்தால் ஸ்பீக்கர் அடி வாங்கும்.

குளிர் ஊசியையும் பாதிக்கிறது. டிஎல்-103-இன் தொங்கலே (ஊசித் தண்டைத் தாங்கும் சஸ்பென்ஷன்) விறைப்பானது. அறை 12 டிகிரியில் இருக்கும் காலையில் அதன் ரப்பர் மேலும் இறுகி, உரத்த பகுதிகளில் 'ஸ' ஓசை கிழிகிறது. லோடைக் குறைத்து இதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. ஊசி அழுத்தம் 2.5 கிராம், குளிரில் 2.8 வரை. டர்ன்டேபிள் மூடியை இறக்கிவிட்டு, பக்கத்தில் டிம்மர் இல்லாத 40 வாட் குண்டு பல்பை அரை மணி நேரம் எரியவிட்டால் ரப்பர் இளகிவிடுகிறது. இப்போது சாக்கெட்டில் இருப்பது 100-க்கு 120 ஜோடி. பேட்டரி 8.4 வோல்ட், 7-க்கு இறங்கியதும் இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும்.