மிலான் நகரில், பீடத்துக்குக் கீழே

மிலானுக்குப் போகிறேன் என்றதும் அம்மா ஒரு வெள்ளைக் கைக்குட்டையை என் பெட்டியில் வைத்தார். "அம்புரோசியார் மேல வச்சு எடுத்துட்டு வா." மிலானில் அடக்கமாகியிருக்கும் அந்த ஊரின் பழைய ஆயர், புனிதர் அவர். எங்கள் வீட்டில் இது வழக்கம்தான். வேளாங்கண்ணிக்கு யார் போனாலும் யாருடைய துண்டோ கைக்குட்டையோ கூடவே போகும். மாதாவின் பாதத்தில் பட்டு, மடித்தபடி திரும்பி வரும். அம்மாவுக்கு இரண்டு வருடமாகப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. அதனால் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மெட்ரோவில் சாந்த் அம்ப்ரோஜோ நிலையத்தில் இறங்கினால் அவருடைய கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. சிவந்த செங்கல் கட்டடம், முன்னால் வளைவுகள் சூழ்ந்த முற்றம், உயரத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு மணிக்கூண்டுகள். இன்று நிற்பதில் பெரும்பகுதி 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. ஆனால் இடம் அதைவிட மிகப் பழையது. 4ஆம் நூற்றாண்டில் ஆயர் அம்புரோசியார் இங்கே கோயில் கட்டிய காலத்தில் இது ஊருக்கு வெளியே இருந்த கல்லறை நிலம். உரோமையர் சட்டப்படி இறந்தவர்களை நகருக்குள் புதைக்கக் கூடாது. அதனால், விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளைத் தேடிப் போன முதல் கிறிஸ்தவர்கள் ஊர் எல்லையைத் தாண்டித்தான் போனார்கள்.

அந்தத் தேடல் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 2ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள சிமிர்னாவில் ஆயர் போலிகார்ப்பைத் தீயிலிட்டுக் கொன்றபோது, அவருடைய மக்கள் மிச்சமிருந்த எலும்புகளைப் பொறுக்கி எடுத்தார்கள். விலையுயர்ந்த கற்களைவிட அவை மேலானவை என்று எழுதி வைத்தார்கள். அவர் உயிர்விட்ட நாளைப் பிறந்தநாள் என்றே சொல்லி ஆண்டுதோறும் கூடினார்கள். நம் பங்குத் திருவிழாக்களின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

மிலானில் நடந்ததை அம்புரோசியாரே தம் அக்கா மார்செல்லினாவுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். 386ஆம் ஆண்டு, ஜூன் மாதம். கிறிஸ்து தந்தையாகிய கடவுளுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுஸின் கொள்கையைப் பின்பற்றிய பேரரசி யுஸ்தினா ஒரு கோயிலைத் தம் தரப்புக்குக் கேட்டு நெருக்கிய வருடம் அது. மக்கள் இரவும் பகலும் கோயிலுக்குள்ளேயே ஆயரோடு உட்கார்ந்து, பாடல் பாடிக் காத்திருந்தார்கள். அந்த மக்கள்தான் புதுக் கோயிலை அர்ச்சித்து அர்ப்பணிக்கும்போது திருப்பண்டங்கள், அதாவது புனிதர்களின் எலும்பு போன்ற எச்சங்கள், வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். "மறைசாட்சிகளின் திருப்பண்டம் கிடைத்தால் செய்கிறேன்" என்றார் ஆயர். நபோர், பெலிக்ஸ் என்ற இரு மறைசாட்சிகளின் கல்லறைக் கோயிலில், கம்பித் தடுப்புக்கு முன்னால் தோண்டச் சொன்னார். உடனிருந்த குருக்களே தயங்கினார்களாம். மண்ணுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். பழங்காலத்து மனிதர்களைப் போல வியக்கத்தக்க உயரம், எலும்புகள் அப்படியே முழுதாக. இந்தப் பெயர்களை முன்பு கேட்டிருக்கிறோம், கல்வெட்டிலும் படித்திருக்கிறோம் என்று ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவு வந்தது. கெர்வாசியுஸ், புரோத்தாசியுஸ்.

அவர்களை ஊர்வலமாக இங்கே கொண்டுவந்தபோது, செவெருஸ் என்ற பார்வையற்ற ஒருவர் அவர்களை மூடியிருந்த துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்வை பெற்றார். எதிர்த்தரப்பினர் நம்ப மறுத்தார்கள். அவர் ஊரறிந்த கசாப்புக்காரர், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் என்கிறார் அம்புரோசியார். அப்போது மிலானில் ஆசிரியராக இருந்த, இன்னும் திருமுழுக்குப் பெறாத, பிறகு புனிதராகப் போற்றப்பட்ட அகுஸ்தீனாரும் பின்னாளில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரி என்னை நிறுத்தியது. எத்தனை கைக்குட்டைகள் வீசப்பட்டன, எத்தனை துணிகள் அந்தத் திருப்பண்டங்களின் மேல் பட்டு எடுக்கப்பட்டன என்று ஆயர் பூரிக்கிறார். 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கூட்டத்தில் அம்மா நின்றிருந்தால் ஒரு நொடிகூட அந்நியமாக உணர்ந்திருக்க மாட்டார்.

கோயிலின் பலிபீடத்துக்குக் கீழே தம் கல்லறைக்கென்று வைத்திருந்த இடத்தை அம்புரோசியார் அந்த இருவருக்கும் விட்டுக்கொடுத்தார். பலியான கிறிஸ்து பீடத்தின் மேல், அவருடைய பாடுகளால் மீட்கப்பட்டவர்கள் பீடத்தின் கீழ் என்பது அவர் சொன்ன முறை. எலும்பை வழிபடுகிறோமா என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை. 397இல் இறந்ததும் அவரையும் அவர்கள் அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

பொன் பீடத்தை வணங்கிவிட்டுப் படியிறங்கினேன். கீழே சின்ன நிலவறை, கம்பித் தடுப்பு, அதற்கப்பால் வெள்ளியும் கண்ணாடியுமான பேழை. மூவரும் அருகருகே கிடக்கிறார்கள். ஆயர் வெள்ளைத் திருவுடையில், மற்ற இருவர் சிவப்பில். 2018இல் வெளியான ஆய்வில், அந்த இருவரும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள், ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் உயரம் என்று தெரிந்தது. ஆயர் வியந்த உயரம் பொய்யில்லை. முழந்தாளிட்டதும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த செபம் எதுவும் வரவில்லை. அம்மாவின் பெயரை மட்டும் சொன்னேன். கைக்குட்டையைக் கம்பியில் ஒற்றி எடுத்தேன். அதற்கு மேல் கை எட்டாது.

மேலே வந்து அமர்ந்தபோது மோனிக்காவை நினைத்துக்கொண்டேன். அகுஸ்தீனாரின் தாய். ஆப்பிரிக்காவில் செய்து பழகியபடி கஞ்சியும் அப்பமும் திராட்சை இரசமும் கூடையில் எடுத்துக்கொண்டு இந்த ஊர்ப் புனிதர்களின் நினைவிடத்துக்கும் வந்தார். வாயில்காப்பவர் தடுத்தார். அங்கே உணவு கொண்டுவரக் கூடாது என்பது ஆயரின் கட்டளை என்று தெரிந்ததும் மோனிக்கா மறுபேச்சுப் பேசவில்லை. அப்புறம் கூடைக்குப் பதில் செபத்தை ஏந்தி வந்தார் என்று மகன் எழுதுகிறார். கூடையோடு திரும்பி நடந்த அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

ஊருக்கு வந்து கைக்குட்டையைக் கொடுத்தேன். அம்மா அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். செவெருஸ் கதையைச் சொன்னேன்.

"என்ன வேலை பார்த்தவர்னு சொன்ன?"

"கசாப்புக்காரர்மா."

"பார்வை வந்ததும் கடைக்கே திரும்பிப் போயிட்டாரா?"

"இல்லம்மா. அந்தக் கோயில்லயே ஊழியம் செஞ்சுகிட்டு இருந்துட்டார்."

அம்மா கைக்குட்டையை மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்தார்.