கச்சான் காற்று வீசும்போதே முடிக்க வேண்டிய வேலை

எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில். கடற்கரைக்குப் போய்ச்சேர ஒரு சுருட்டு எரிந்து முடியாது. இங்கே 1984 ஆம் ஆண்டு நிசான் சன்னி ஒன்றை வைத்துக்கொண்டு நான் கறளை, அதாவது துருவைப் பற்றி எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

ஏன் இந்தப் பழைய பி11 மாடல் சன்னி என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கத்தில் திறந்துவிட்டும் வரி எங்களை எட்டிப் பார்க்க விடவில்லை. கடைக்குப் போட்டோகொப்பித் தாள் ஏற்றவும், மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகவும் நாலு சில்லு வேண்டும். கைக்கு எட்டியது சன்னிதான். எஞ்சின் சும்மா சொல்லக்கூடாது, தங்கம். பொடி, அதாவது தகரக் கூடுதான் உப்பில் ஊறியது.

டவுனில் ஒரு கராஜில் கேட்டேன். முழுக்க வெட்டி ஒட்டி, புட்டி போட்டு, பெயின்ற் அடித்துத்தர மூன்றரை லட்சம் என்றார்கள். என்னிடம் இருந்தது ஒரு லட்சம், அதுவும் சீட்டுக் காசு. அந்த ஒரு லட்சத்தை எங்கே போடுவது என்பதுதான் இந்தப் பதிவு. என்னைப்போல் காசு கையைக் கடிக்கிறவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கொட்டுகிறார்கள். மட்காட் மினுங்கும், அடித்தட்டு உதிரும். நான் அதை மாற்றிப் போட்டேன். ஆள் பாரமும் சில்லுப் பாரமும் தாங்குகிற இடத்துக்குக் காசு, வெளியில் தெரிகிற இடத்துக்கு என் சொந்தக் கை வேலை. கார் இப்போது அழகில்லை. சந்தியில் நின்றால் பொடியன்கள் சிரிக்கிறார்கள்தான்.

முதலில் எதிரி யாரென்று தெரியவேண்டும். மழையில் கார் கறள் பிடிக்கிறது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். மழை பாதிக் கதைதான். வாடைக்காற்று தொடங்கினால், ஐப்பசி தொட்டுத் தை மட்டும், டச்பே பக்கம் அலை உடைகிற சாரல் காற்றோடு வந்து தகரத்தில் படியும். சாப்பாட்டு உப்பு ஈரம் குடிக்க வேண்டுமென்றால் காற்றின் சாரீரப்பதன் (ஈரப்பதம்) 75 சதவீதம் அளவில் இருக்கவேண்டும். கடலுப்பு அப்படியில்லை. அதில் மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது, அது 33 சதவீதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். அப்படியென்றால் எங்கள் ஊரில் உப்புப் படிந்த தகரம் வெயில் நாளிலும் முழுதாகக் காய்வதே இல்லை. மழை பெய்யாத மாதத்திலும் கதவின் கீழ்மடிப்பில் கறள் வளர்வது இதனால்தான். கறள் இரும்பைவிடப் பலமடங்கு இடம் எடுக்கும். அதனால்தான் பெயின்ற் கொப்புளமாக எழும்புகிறது. கொப்புளம் வெளியில் தெரிகிறதென்றால் உள்பக்கத்தால் தொடங்கி வந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

டிங்கர் வேலைக்கு நான் பிடித்தது கிண்ணியாவில் ஒரு நானாவை (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). 2009 இல் பாலம் திறக்கும்வரை பாதையில் (வாகனம் ஏற்றிக் கடக்கிற மிதவையில்) ஏறி இறங்கிய வாகனங்களைப் பார்த்துப் பார்த்தே தொழில் பழகியவர். இறங்குதுறையில் சில்லு உப்புத்தண்ணீருக்குள் இறங்கி ஏறும், அந்த வாகனங்களின் பிறேக் பைப்பெல்லாம் கிளிப் போட்ட இடத்தில் முதலில் போகும் என்று சொன்னார். காரைச் சுற்றி ஒருக்கா நடந்தார். பெயின்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"பெயின்ற் அடிச்சா ஒரு வருஷம் வடிவாக் கிடக்கும் தம்பி. மறுகா கதவைச் சாத்தக்குள்ள கீழ்ப்பக்கம் கையோட வரும்."

"அப்ப எங்க நானா தொடங்குறது?"

"ஜக்க எடுங்க."

ஜக்கை வைத்து மெல்ல உயர்த்தினார். இடப்பக்கம் உயர்ந்தது. வலப்பக்கம் வைத்தபோது கார் உயரவில்லை, தகரம் உள்ளே போனது. கதவுகளுக்குக் கீழே நீளத்துக்கு ஓடுகிற தகரப் பெட்டி இருக்கிறதே, அதுதான் காரின் முதுகெலும்பு. அது போனால் பக்கவாட்டில் ஒருவன் வந்து இடிக்கும்போது உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் கார்பெட்தான் மிச்சம். பிறகு சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து அடித்தட்டு முழுக்கத் தட்டிக்கொண்டு போனார். நல்ல தகரம் 'டங்' என்று கத்தும். கெட்டது 'பொத்' என்று வாயை மூடும். 'பொத்' என்ற இடமெல்லாம் சோக்கால் வட்டம். சீற் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், முன் சொக் அப்சோபர் தலை முட்டுகிற மேடை, பற்றரித் தட்டு, பின் சில்லு வளைவு. சொக் மேடையில் வட்டம் விழவில்லை. அதில் விழுந்திருந்தால் இந்தக் காரை இரும்புக்கு நிறுத்துக் கொடுத்திருப்பேன். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பொனட்டைத் திறந்ததும் எஞ்சினைப் பார்க்கமுன் அதைப் பாருங்கள்.

பின் சில்லு வளைவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். உள்பக்கத்தில் தகரம் மடிந்து ஒரு விரல் நுழையுமளவு வாய்க்கால் மாதிரி இருக்கும். உப்புவெளி ஒழுங்கைகளின் மணலை ரயர் வாரியடிப்பது நேரே அதற்குள்தான். தென்னோலை ஈர்க்கு ஒன்றை விட்டுக் கிளறினேன். வெளியில் சுடுகிற வெயில், உள்ளே இருந்த மணல் ஈரமாக, சிப்பித்தூளோடு கட்டிகட்டியாக வந்தது. நாக்கில் வைக்கத் தேவையில்லை, கையில் ஒட்டிய விதத்திலேயே உப்பென்று தெரிந்தது. கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துவாரங்கள், முன் கண்ணாடிக்குக் கீழே வேப்பஞ்சருகு அடைகிற பள்ளம், இவையும் இதே கேஸ்தான். இவற்றைத் திறந்துவிட ஒரு சதம் செலவில்லை. ஈர்க்கும் ஓர் அரைமணி நேரமும் போதும். முழு வேலையிலும் பலன் கூடிய பகுதி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

காசில் பெரும்பங்கு வலப்பக்கப் பெட்டிக்கும் ஓட்டுநர் காலடித் தட்டுக்கும் போனது. நானா 20 கேஜ் தகரம் வாங்கச் சொன்னார். கிட்டத்தட்ட 0.9 மில்லிமீற்றர், பழைய தகரத்தைவிட ஒரு மயிரளவு தடிப்பு. கல்வனைஸ் தகரம் கறள் பிடிக்காதே, அதைப் போடலாமே என்று கேட்டேன். வெல்டிங் சூட்டில் அதிலுள்ள நாகம் (துத்தநாகம்) புகைந்து நெஞ்சுக்குள் போய்க் காய்ச்சல் வரும், ஒட்டும் சரியாகப் பிடிக்காது, ஒட்டுகிற இடத்தில் அந்தப் பூச்சும் எரிந்துபோகும் என்று மறுத்துவிட்டார். வெட்டும்போது கண்ணுக்கு நல்லாகத் தெரிகிற தகரம் வரும்வரை வெட்டினார். ஓட்டைக்கு அளவாக ஒட்டுப்போடுகிறவரிடம் போகாதீர்கள். ஓட்டையின் விளிம்பு தாள்போல மெலிந்திருக்கும், வெல்டிங் பட்டதும் ஊதிக்கொண்டு போகும். பற்றரியைக் கழற்றிவிட்டு, கார்பெட்டும் சீற்றும் வெளியே எடுத்து, பக்கத்தில் தண்ணீர் வாளி வைத்த பிறகுதான் வெல்டிங். பெற்றோல் தாங்கிப் பக்கம் கிட்டவும் போகவில்லை.

எங்கள் ஊரில் மலிவான இன்னொரு வழி இருக்கிறது. திருக்கடலூர்ப் பக்கம் பைபர் வள்ளம் பழுதுபார்க்கிற ஆட்கள் ரெசின் பசையும் பைபர் விரிப்பும் வைத்து எந்த ஓட்டையையும் மூடித்தருவார்கள். கார்த் தட்டையும் அப்படிச் செய்தவர்களை எனக்குத் தெரியும். வள்ளம் முழுக்கப் பைபர், அதனால் அதில் நிற்கும். தகரத்தில் அந்த ரெசின் காலப்போக்கில் பிடிவிடும், இடையில் தண்ணீர் போய்க் குந்தும், மேலே பார்க்கப் பளபளவென்று இருக்க அடியில் கறள் தன் பாட்டில் தின்னும். நான் டிக்கியில் ஸ்பெயார் ரயர் கிடக்கிற கிண்ணத்துக்கு மட்டும் பைபர் போடுவித்தேன். அது உடைந்தால் ரயர் விழும், ஆள் விழமாட்டார். பாரம் தாங்குகிற எந்த இடத்துக்கும் வேண்டாம்.

மிச்சம் என் கை வேலை. மேலோட்டமான கறளுக்கு வயர் பிரஷ், பிறகு சாண்ட் பேப்பர். ஆழக் குழிகளில் பிரஷ் எட்டாது. அங்கே கறள் மாற்றி திரவம். ஹார்ட்வெயாரில் விற்பதில் பெரும்பாலும் பொஸ்போரிக் அமிலம் இருக்கும், சிலதில் டன்னிக் அமிலம். முதலாவது கறளை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றும், இரண்டாவது கருநீலமாகக் கறுக்க வைக்கும். கடுக்காய்ச் சாறு இரும்போடு சேர்ந்தால் கறுப்பதும் இதே விஷயம்தான், அந்தக் காலத்து மையெல்லாம் அப்படிச் செய்தது. எதுவானாலும் உதிர்கிற கறளைச் சுரண்டி எடுத்த பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய படைக்குத்தான் வேலை செய்யும். செதில் செதிலாக இருப்பதன் மேல் ஊற்றினால் மேற்செதில் கறுக்கும், அடியில் ஒன்றும் நடக்காது. கோலா ஊற்றினால் போகும் என்று சொல்கிற மச்சான்மாருக்கு: அதில் அமிலம் இருக்கிறது, சீனி அதைவிடக் கூட இருக்கிறது. குடியுங்கள்.

பற்றரித் தட்டு, பொனட் கொண்டி மாதிரிக் கழற்றக்கூடிய சாமான்களுக்கு வேறொரு வழி. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, பற்றரி சார்ஜரின் மறை முனையைக் கறள் சாமானிலும் நேர் முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் கொளுவி இரவு முழுக்க விட்டால் கறள் சேறாகக் கழன்றுவிடும். வெளியில் காற்றோட்டத்தில் செய்யவேண்டும், ஐதரசன் வாயு வரும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. இரும்புத் துண்டுக்குப் பதில் சில்வர் கரண்டியைப் போட நினைக்கவே வேண்டாம். துருப்பிடிக்காத உருக்கிலிருந்து குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கும்.

பெயின்றுக்குக் காலம் பார்க்கவேண்டும். வைகாசி தொட்டு ஆவணி மட்டும் தரைப்பக்கமிருந்து கச்சான் அடிக்கும், காற்றுக் காய்ந்து சுடும். தகரமும் காயும், பூச்சும் பிடிக்கும். அடிக்கமுன் குழாய்த் தண்ணீரால் நன்றாகக் கழுவி, காயவைத்து, தின்னர் துணியால் துடைத்து, எப்பொக்சி பிறைமர். காசு குறைந்தால் மேல் கலரில் குறையுங்கள், இதில் வேண்டாம். சாதாரணச் சாம்பல் பிறைமர் ஈரத்தை உள்ளே விடும். அதை மட்டும் அடித்துவிட்டு 'அடுத்த மாதம் கலர் அடிப்போம்' என்று வாடைக்குள் ஓடிய கார்களின் கதி எங்கள் ஒழுங்கையிலேயே நிற்கிறது. புட்டியும் ஈரம் குடிக்கும். வெறும் கறளின் மேல் புட்டி போடுகிற பாஸ்மாருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வெல்டிங் பட்ட பெட்டியின் உள்பக்கம் பிரஷ் போகாத இடம். சூட்டில் அங்கிருந்த பழைய பூச்சு எரிந்துபோயிருக்கும், விட்டால் அங்கிருந்துதான் அடுத்த கறள். நானா விட்டுத்தந்த துளைகளால் கியர் ஒயிலைக் கொஞ்சம் இளக்கி நீண்ட குழாயால் உள்ளே அடித்தேன். துளைகளுக்கு ரப்பர் மூடி. வருஷாவருஷம் வாடைக்கு முன் திரும்ப அடிக்கவேண்டும். சேர்விஸ் ஸ்டேசனில் அடியெல்லாம் கழிவு எஞ்சின் ஒயில் அடித்துவிடுவார்களே, அதை நான் விடுவதில்லை. அதில் எரிந்த அமிலமும் நஞ்சும் கிடக்கும், ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், நிறுத்துகிற இடமெல்லாம் நிலத்தில் சொட்டி எங்கள் கிணற்றுக்குத்தான் போகும். கறள் மேலேயே தார் மாதிரிக் கறுப்புப் பூச்சு பூசுவதும் வேண்டாம். விற்கிறவனுக்கு நல்லது, வைத்திருக்கிறவனுக்கல்ல.

கழுவுகிற தண்ணீர் பற்றியும் ஒன்று. எங்கள் வீட்டுக் கிணறு கோடையில் உவர்க்கும். அதால் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கணக்கு. கந்தளாயிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து, வாடைக் காலத்தில் கிழமைக்கொருக்கா அடிப்பக்கத்துக்கும் சில்லு வளைவுக்கும் அடிக்கிறேன். மேலே கழுவாவிட்டாலும் பரவாயில்லை. குச்சவெளிப் பக்கம் உப்பளக் காற்றில் போய்வந்தால் அன்றே. மழைக்கென்று பொலித்தீன் விரிப்பால் பொத்தி வைப்பதையும் விட்டாயிற்று, உள்ளே அவிந்து வேர்க்கிறது. நாலு தூண் நட்டுத் தகரக் கொட்டில், கடல் பக்கம் மட்டும் கிடுகு அடைப்பு. அதுவே போதுமாயிருக்கிறது.

மாமி வலப்பக்கப் புதுக் கதவடியைப் பார்த்துவிட்டு, "கலர் ரெண்டா இருக்கே தம்பி" என்றா. இருக்கட்டும் மாமி, உங்கட காலுக்குக் கீழ இப்ப தகரம் இருக்கு என்றேன்.

பிறேக் பைப் இன்னும் மாற்றவில்லை. பின்பக்கக் கிளிப்புகளில் கறள் தொடங்கியிருக்கிறது, ஓட்டை இல்லை. அடுத்த சீட்டு விழுந்ததும் செம்பு நிக்கல் கலந்த பைப்பாகப் போட நானாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அது கறள் பிடிக்காது. இடப்பக்க முன் மட்காட் வெட்டி ஒட்டத் தேறாது. பி11 க்கு ஜப்பான் மட்காட், கறள் இல்லாதது, பெயின்ற் எந்தக் கலரானாலும் சரி, திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள். புட்டி பூசி மறைத்ததென்றால் வேண்டாம், காந்தம் கொண்டுதான் வருவேன்.