நியூயார்க் சப்வே: எந்தப் பெட்டியில் எதைப் பார்ப்பது

ஜேஎஃப்கே விமான நிலையத்திலிருந்து சப்வேயில், அதாவது நகர ரயிலில், மன்ஹாட்டன் போக இரண்டு வழி. ஏர்ட்ரெயின் என்ற விமான நிலைய ரயிலில் ஹோவர்ட் பீச் போனால் ஏ ரயில். ஜமைக்கா போனால் இ ரயில். ஊருக்குள் போகும்போது தொல்லை இல்லை. ஹோவர்ட் பீச்சில் எந்த மன்ஹாட்டன் வண்டியில் ஏறினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். திரும்பும்போதுதான் வம்பு. ராக்கவே பொலிவார்ட் நிலையத்தைத் தாண்டியதும் ஏ ரயில் கிளை பிரிகிறது. ஒரு கிளை லெஃபர்ட்ஸ் பொலிவார்டில் முடிந்துவிடும். மற்றது ஹோவர்ட் பீச் வழியாக ஃபார் ராக்கவே வரை போகும். நெரிசல் நேரத்தில் சில வண்டிகள் ராக்கவே பார்க்கில் முடியும். லெஃபர்ட்ஸ் வண்டியில் உட்கார்ந்துவிட்டால், ராக்கவே பொலிவார்டுக்குத் திரும்பி வந்து வேறு வண்டிக்கு நிற்க வேண்டியதுதான்.

இதைச் சொல்லித்தரும் தகவல் பலகை ஒரே மாதிரி இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஏ தடத்தில் மட்டும் மூன்று தலைமுறைப் பெட்டிகள் வரக்கூடும்: 1970களின் ஆர்46, 2017 இறுதியில் வந்த ஆர்179, 2023 மார்ச்சில் ஓடத் தொடங்கிய ஆர்211. ஆர்46-இல் உள்ளே நகரும் எழுத்து, ஒளிரும் புள்ளி என்று எதுவும் கிடையாது. வெளிப்பக்கத்தில் சிறிய எல்சிடி பலகையில் முடிவிடம் தெரியும். ஏறிய பிறகு கண்டக்டர் வாய்விட்டுச் சொல்வதுதான் தகவல், அதுவும் ஒலிபெருக்கியின் கரகரப்போடு. ஆகவே ஏறுமுன்னே வெளிப்பலகையைப் படியுங்கள். அது அணைந்திருந்தால் நடைமேடையின் நடுப்பகுதியில் நில்லுங்கள். நியூயார்க் ரயில்களில் கண்டக்டர் வண்டியின் நடுவில்தான் இருப்பார். மேலே கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பலகை ஒன்று தொங்கும். வண்டி நின்றதும் சன்னலைத் திறந்து அதை அவர் கையால் சுட்டிக்காட்ட வேண்டும் என்பது விதி. வண்டி சரியான இடத்தில் நின்றிருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. உங்களுக்கு அது கேள்வி கேட்கக் கிடைக்கும் சில நொடி. “ஹோவர்ட் பீச்?” என்று கேட்டால் போதும், தலையசைப்பு கிடைக்கும்.

இனி ஒளிரும் வகைகள். இவற்றில் பழையது, சுவரில் சன்னலுக்கு மேல் நீளமாக ஓடும் வழித்தட அட்டை. 2000-இல் ஓடத் தொடங்கிய ஆர்142, ஆர்142ஏ பெட்டிகளில் வந்தது. 2, 4, 5 ரயில்களில் பார்க்கலாம். 7 ரயிலின் ஆர்188 பெட்டிகளிலும் இதே ஏற்பாடுதான். ஒரு தடத்தின் எல்லா நிலையங்களும் அட்டையில் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிறு எல்இடி. இன்னும் வரவேண்டிய நிலையங்களுக்கு விளக்கு எரியும், அடுத்து வருவது மின்னும், தாண்டியவை அணைந்துவிடும். எங்கிருந்து வருகிறோம், எங்கே இருக்கிறோம், இன்னும் எத்தனை இருக்கிறது என்ற மூன்றும் ஒரே பார்வையில். திரை மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வந்த வடிவங்களிலேயே பயணிக்கு மிக இணக்கமானது இதுதான் என்பது எங்கள் கட்சி.

குறை என்னவென்றால், அட்டை ஒரு தடத்துக்கு மட்டுமே சொந்தம். 5 ரயிலின் அட்டை போட்ட பெட்டிகளை 2 தடத்தில் ஓட்டினால் அந்த அட்டையால் பயனில்லை. ‘பயன்பாட்டில் இல்லை’ என்ற சொல் மட்டும் எரியும், புள்ளிகள் இருண்டு கிடக்கும். அப்படிக் கண்டால் அட்டையைச் சுத்தமாக மறந்துவிடுங்கள். இருண்ட அட்டையில் விரல் வைத்து நிலையம் எண்ணிக்கொண்டு போகிறவர்களை எப்போதும் பார்க்கலாம், பாவம். நிலையத்தின் பெயர் மாறினாலும் அட்டை அச்சடிக்கும் வேலை வந்துவிடும். 2012-இல் புரூக்ளினின் அட்லாண்டிக் அவென்யூ நிலையப் பெயரோடு பார்க்லேஸ் சென்டர் என்ற அரங்கின் பெயரும் சேர்ந்தபோது 2, 4, 5 மூன்றுக்கும் புது அட்டை தேவைப்பட்டது.

அட்டையைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டிய தடம் 7. நம்மவர்கள் அதிகம் ஏறுவதும் அதில்தான். ஜாக்சன் ஹைட்ஸில் தெற்காசியக் கடைவீதி. கடைசி நிலையமான ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் பவுன் ஸ்ட்ரீட்டில் 1977-இல் எழுந்த கணேசர் கோயில், கீழே அதன் புகழ்பெற்ற தோசை கேன்டீன். வார நாட்களில் காலை மன்ஹாட்டன் நோக்கியும், மாலை ஃப்ளஷிங் நோக்கியும் எக்ஸ்பிரஸ் ஓடும். வண்டி முகப்பில் 7 என்ற எண்ணைச் சுற்றி வட்டம் இருந்தால் எல்லா நிலையத்திலும் நிற்கும். சாய்சதுரம் இருந்தால் எக்ஸ்பிரஸ். எக்ஸ்பிரஸில் குவீன்ஸ்போரோ பிளாசாவுக்குப் பிறகு 61ஆம் தெரு வுட்சைட், ஜங்ஷன் பொலிவார்ட், மெட்ஸ் வில்லட்ஸ் பாயின்ட், மெயின் ஸ்ட்ரீட் அவ்வளவுதான். கடைவீதிக்கு இறங்க வேண்டிய 74ஆம் தெருவில் அது நிற்காது.

கோயிலுக்கு என்றால் எக்ஸ்பிரஸ் நல்லது. கடைவீதிக்கு என்றால் வட்டத்துக்குக் காத்திருங்கள். ஏறியபின் சந்தேகம் வந்தால் அட்டையில் 74ஆம் தெருவின் புள்ளி எரிகிறதா என்று பாருங்கள். நிற்காத நிலையத்துக்கு விளக்கு எரியாது. புள்ளி இருண்டிருந்தால் வுட்சைடிலேயே இறங்கிப் பின்னால் வரும் வட்ட வண்டியில் மாறிக்கொள்ளலாம். அதையும் விட்டுவிட்டால் ஜங்ஷன் பொலிவார்டில் இறங்கி மறுதிசையில் மூன்று நிலையம் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழியில் இன்னொரு பொறி: 82ஆம் தெரு நிலையப் பெயரிலும் ‘ஜாக்சன் ஹைட்ஸ்’ இருக்கும். அங்கே இறங்காமல் இன்னும் ஒன்று போங்கள்.

ஒரு தடத்தைத் தவிர வேறெதுவும் காட்டாத அட்டையின் பிடிவாதத்துக்குப் பதிலாகத்தான் ஆர்160 பெட்டிகளில் ‘ஃபைண்ட்’ என்ற பலகை வந்தது. ஆல்ஸ்டாமும் கவாசாகியும் 2005 முதல் 2010 வரை கட்டிய பெட்டிகள் இவை. இ, எஃப், எல், எம், க்யூ என்று பல தடங்களில் ஓடுகின்றன. ஆர்179-இலும் இதே வகைதான். அச்சடித்த பெயர் எதுவும் கிடையாது. எல்இடி எழுத்தாலான பட்டையில் அடுத்து வரும் பத்து நிலையங்கள். பக்கத்தில் சிறு எல்சிடி திரையில் அதற்கும் அப்பால் உள்ளவை சில சிலவாக மாறி மாறி வரும். தடம் மாறினால் மென்பொருளை மாற்றினால் போதும்.

இதன் பயன் 2010 ஜூனில் தெரிந்தது. வி ரயிலை நிறுத்தி, எம் ரயிலை ஆறாம் அவென்யூ வழியாகத் திருப்பினார்கள். 2017 ஜனவரி 1 அன்று க்யூ ரயில் இரண்டாம் அவென்யூவில் 96ஆம் தெரு வரை நீண்டது. எழுத்தெல்லாம் எல்இடியில் இருந்ததால் அட்டை அச்சடிக்கும் வேலையே வரவில்லை. இன்றைக்கு ஒரு பயணியை நேரடியாகத் தொடும் உதாரணம் எஃப், எம் இடமாற்றம். 2025 டிசம்பரிலிருந்து வார நாட்களில் பகல் முழுக்க, இரவு சுமார் 9.30 வரை, எஃப் ரயில் 53ஆம் தெருச் சுரங்கத்திலும் எம் ரயில் 63ஆம் தெருச் சுரங்கத்திலும் ஓடுகின்றன. இரவிலும் வார இறுதியிலும் எஃப் பழையபடி 63ஆம் தெருவுக்கு வந்துவிடும். ரூஸ்வெல்ட் தீவுக்குப் போக வார நாள் பகலில் எம், மற்ற நேரத்தில் எஃப். ஒரே எழுத்துக்கு நேரத்தைப் பொறுத்து இரண்டு வழி என்றால் அச்சு அட்டை என்ன செய்யும்? திரைப் பலகைக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் பலகையைப் படிப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. உங்கள் தலைக்கு மேலே இருப்பது உங்களுக்குத் தெரியாது, எதிர்ச்சுவரில் இருப்பதைத்தான் படிக்க முடியும். பெட்டி நிரம்பிவிட்டால் நிற்பவர்களின் கையும் பையும் அதை மறைத்துவிடும். இறங்க வேண்டிய நிலையம் பத்துக்கு அப்பால் இருந்தால் எல்இடி பட்டையில் அதன் பெயரே இருக்காது. வண்டி தவறோ என்று பதறி இறங்கிவிடாதீர்கள்; பக்கத்துத் திரை ஒரு சுற்று முடியும்வரை பொறுங்கள். நடுவில் விளம்பரமும் வரும், அது கட்டணம் கட்டியவருக்கான மரியாதை. தாண்டி வந்த நிலையம் இந்தப் பலகையில் இருப்பதில்லை என்பதால், ஒன்றை விட்டுவிட்டோமா என்று பின்னோக்கிச் சரிபார்க்கவும் வழியில்லை. பலகையின் எண்ணிக்கை ஒரு நிலையம் பிசகினால் எழுத்தும் பதிவுக் குரலும் சேர்ந்தே பிசகும். குரல் ஒன்று சொல்ல, வெளியே தூணில் வேறு பெயர் இருந்தால் தூணை நம்புங்கள். திடீர்த் திசைமாற்றம் மென்பொருளில் இல்லாத வழியாக இருந்தால் பலகை அணைந்துவிடும் அல்லது பழைய வழியையே காட்டிக்கொண்டிருக்கும். அப்போது கண்டக்டரின் நேரடிக் குரலுக்குத்தான் மதிப்பு. பதிவுக் குரலுக்கும் அதற்கும் வித்தியாசம் காதிலேயே தெரிந்துவிடும்.

ஆர்211-இல் திரைகள் பெரியவை, எழுத்து தெளிவு. வாசலும் அகலம்: பழைய 50 அங்குலத்துக்குப் பதில் 58. ஆனாலும் அது சொல்வது இந்த வண்டியின் கதையைத்தான்.

வழியில் வண்டி நின்றுவிட்டால் வேறு எப்படிப் போவது என்பதற்கு விடை பெரிய சுவர் வரைபடத்தில்தான் இருக்கிறது. 7 ரயில் குவீன்ஸில் முடங்கினால், 74ஆம் தெரு நிலையத்துக்குக் கீழேயே இ, எஃப், எம், ஆர் நிற்பதையும், குவீன்ஸ்போரோ பிளாசாவில் அதே மேடையின் மறுபக்கம் என், டபிள்யூ வருவதையும் அதில் ஒரே பார்வையில் பிடிக்கலாம். திரை மாற்று ரயிலின் எழுத்தைக் காட்டும், அது எங்கே போகும் என்பதைக் காட்டாது.

பெட்டியில் இந்த வரைபடம் பெரும்பாலும் இருக்கைக்குப் பின்னால், யாரோ ஒருவரின் தலைக்கு நேராக இருக்கும். எட்டிப் பார்த்து அவரைச் சங்கடப்படுத்துவதைவிட, நிலையத்திலேயே தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிலையங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும்; சுரங்கத்தின் நடுவில் பல இடங்களில் கிடைக்காது. படம் எடுக்கும்போது மூலையில் அச்சான மாதமும் ஆண்டும் சேர்ந்து விழட்டும். 1979 முதல் இருந்த, பூங்காவும் ஆறும் வரைந்த வடிவத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் நேர்கோடும் சாய்கோடுமாகப் புதிய வரைபடம் வந்தது. வடிவமைப்பாளர் மாசிமோ விக்னெல்லியின் 1972 வரைபடத்தின் வாரிசு. பழைய வடிவத்தில் ஒரே கோட்டில் பல ரயில்கள் ஓடும். எது எங்கே நிற்கும் என்பதை நிலையப் பெயரின் கீழுள்ள எழுத்துகளில் தேட வேண்டும். தடித்த எழுத்து எல்லா நேரமும் நிற்பது, மெல்லிய எழுத்து சில நேரம் மட்டும். புதியதில் ஒவ்வொரு தடத்துக்கும் தனிக்கோடு, தனிப்புள்ளி. முதன்முறை வருபவருக்குப் புதியதுதான் எளிது. 2025 டிசம்பருக்கு முந்தைய அச்சு எதுவானாலும் எஃப், எம் விஷயத்தில் பகல் நேரத்துக்குப் பொய் சொல்லும்.

சுவர் வரைபடம் வார நாள் பகல் சேவையை மனத்தில் வைத்து வரைந்தது. சப்வே 24 மணி நேரமும் ஓடுகிறது, அதனால் தண்டவாள வேலையெல்லாம் இரவிலும் வார இறுதியிலும்தான். சனி, ஞாயிறு கிளம்புமுன் சப்வேயை நடத்தும் எம்டிஏவின் இணையதளத்தில் நேரலை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அன்றைய திசைமாற்றங்கள் கோடுகளிலேயே மாற்றப்பட்டிருக்கும். நடைமேடைத் தூண்களில் ஒட்டிய காகித அறிவிப்பையும் விடாதீர்கள். தேதி, நேரம், மாற்றுப் பேருந்து நிற்கும் தெரு முனை வரை அதில் எழுதியிருக்கும்.