மைமைதியா, மெமெத்தா

கடைசி புரூஃபில் சீனாவிலிருந்து வரும் ஓர் இசைக்கலைஞரின் பெயரில் இரண்டு சொற்களை மாற்றினேன். “துஅர்ஷுன் மைமைதி” என்று இருந்ததை அடித்துவிட்டு “துர்சுன் மெமெத்” என்று எழுதினேன். (அந்த இசைக்கலைஞரின் உண்மைப் பெயர் வேறு. சீனாவின் வடமேற்கில் வாழும், தனி மொழி பேசும் முஸ்லிம் மக்களான உய்குர்களிடையே பரவலான, அதே சிக்கலுள்ள இரண்டு பெயர்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.)

மூத்த புரூஃப்ரீடர் கேட்டார்: “பாஸ்போர்ட்ல இருக்கறதுதானே பேரு? அதை மாத்த நாம யாரு?”

“பாஸ்போர்ட்ல இருக்கறது அவர் பேரு இல்ல சார். அந்தப் பேரைச் சீன எழுத்துல எழுத முடிஞ்ச விதம்” என்றேன்.

அந்தப் பதிலை இன்றைக்கும் விளக்கி நியாயப்படுத்த என்னால் முடியும். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் அசை ஒன்று உயிரொலியில் முடியும், அல்லது ன், ங் என்ற மூக்கொலிகளில் முடியும். இவை போக ‘அர்’ என்று ஓர் அசை உண்டு. ‘த்’ என்று நிறுத்த அதில் இடமே இல்லை. அதனால் மெமெத் என்ற இரண்டசைப் பெயர் மை-மை-தி என்று மூன்று சீன எழுத்தாக நீள்கிறது. துர்சுன், து-அர்-ஷுன் ஆகிறது. அந்த எழுத்துகளைப் பின்யின் முறைப்படி, அதாவது மாண்டரின் ஒலியை ரோமன் எழுத்தில் குறிக்கும் முறைப்படி, எழுதியதுதான் அவர் பாஸ்போர்ட்டில் இருந்தது. அதைப் பார்த்துத் தமிழில் எழுதினால் பெயர் மூன்று கை மாறி வருகிறது. தமிழில் புள்ளி இருக்கிறது, ‘த்’ என்று நிறுத்தலாம். சீன எழுத்தின் இடைஞ்சலை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

மெமெத் என்பது முகம்மது. துர்சுன் என்றால் ‘தங்கட்டும், பிழைத்திருக்கட்டும்’. நம் ஊரில் பிள்ளை தங்காத வீட்டில் பிச்சை, குப்பன் என்று பெயர் வைத்தார்களே, அந்த அச்சமும் வேண்டுதலும் இந்தப் பெயரிலும் உண்டு. இரண்டாவதாக வரும் மெமெத் குடும்பப் பெயர் அல்ல, அப்பாவின் பெயர். தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘துஅர்ஷுன்’ என்று எழுதினால் அந்த வேண்டுதல் காதில் விழாது.

நான் ஊகித்து மாற்றவும் இல்லை. ஊகம் இந்த வேலையில் ஆபத்து. மைமைதி என்பதன் முதல் இரண்டு சீன எழுத்துகளையும் ‘வாங்கு’ என்று பொருள்படும் எழுத்தால் எழுதுவார்கள், ‘கோதுமை’ என்று பொருள்படும் எழுத்தாலும் எழுதுவார்கள். தொனிக்குறி போடாத பின்யினில் இரண்டும் ஒன்றுதான். பதிவு செய்யும் எழுத்தர் எதை எழுதினாரோ அதுவே நிலைத்துவிடும். அப்பாவின் அட்டையில் ஒன்றும் மகனின் அட்டையில் மற்றொன்றும் விழுந்தால், காகிதத்தில் அவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் என் கோப்பில் அவருடைய அடையாள அட்டையின் நகல் இருந்தது. சீனாவின் தன்னாட்சிப் பகுதிகளில் அந்த அட்டையில் சீனத்தோடு உள்ளூர் எழுத்தையும் அச்சிடலாம். அவர் அட்டையில் இரண்டும் இருந்தன. உய்குர் எழுத்து அரபியிலிருந்து வந்ததுதான். ஆனாலும் இன்றைய உய்குர் எழுத்தில் ஒவ்வோர் உயிரொலிக்கும் தனி எழுத்து உண்டு. துர்சுன் மெமெத் என்று தெளிவாக வாசிக்க முடிந்தது.

இவ்வளவும் சரிபார்த்த பிறகு, ஒரு மரியாதைக்காக, குழுவின் ஒருங்கிணைப்பாளர் வழியாக அவரிடமே கேட்டோம். ஒரு வரியில் பதில் வந்தது: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே விடுங்கள்.

விட்டோம். அந்த வரி மட்டும் என்னை விடவில்லை.

அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் புரிகிறது. விசா, பயணச்சீட்டு, காப்பீடு எல்லாவற்றிலும் ஓர் எழுத்து மாறினாலும் கவுண்டரில் நிற்க வேண்டியவர் அவர். சீன எழுத்தில் அவர் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஒரு புள்ளி வரும். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் புள்ளிக்குக் கணினியில் பல குறியீடுகள். ஓர் அலுவலகம் ஒன்றைத் தட்ட, வங்கி வேறொன்றைத் தட்டினால், பெயர் பொருந்தவில்லை என்று கணினி திருப்பி அனுப்பிவிடும். எல்லோரும் ஒரே புள்ளியைப் பயன்படுத்த வேண்டும் என்று 2001இல் அரசுத் துறைகள் சேர்ந்து சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. ஒரு புள்ளிக்காக இவ்வளவு அலைந்தவர்கள் பெயரில் புதிதாக ஒரு வடிவத்தை விரும்புவார்களா?

ஆனாலும் நான் கேட்டது அதிகப்படி இல்லை என்றே இன்னொரு மனம் சொல்கிறது. ஊர்ப்பெயர்களில் சீன அரசே இதைச் செய்கிறது. மங்கோலிய, உய்குர், திபெத்திய இடப்பெயர்களை அந்தந்த மொழியின் ஒலிப்படி ரோமனில் எழுத 1976இல் திருத்திய விதி இருக்கிறது. அதனால்தான் வரைபடத்தில் உய்குர் பகுதியின் தலைநகர் உரும்சி என்று இருக்கிறது, ‘வுலுமுச்சி’ இல்லை. உள் மங்கோலியாவின் தலைநகர் ஹொஹோத் என்று இருக்கிறது, ‘ஹுஹெஹாவ்தெ’ இல்லை. ஊருக்குக் கிடைத்த இடம் அந்த ஊரில் பிறந்தவரின் பாஸ்போர்ட்டில் கிடைக்கவில்லை.

சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதே தாளில் ஒரு திபெத்தியரின் பெயர் ‘ழாக்சி’ என்று வந்திருந்தது. தமிழ் மேசைகளில் அடிக்கடி நடக்கும் பிழை இது. ரோமனில் இசட்-எச் சேர்ந்து வந்தால் நம் கை தானாக ழ போடும். பின்யினில் அந்த ஜோடி நாக்கை மடித்துச் சொல்லும், ‘ச்ச’வுக்கும் ‘ஜ’வுக்கும் இடைப்பட்ட ஒலி. சீனத்தின் மிகப் பெரிய சிறுபான்மை இனமான ஜுவாங் மக்களை ‘ழுவாங்’ என்று எழுதுவதும் இதனால்தான். நம் ழகரத்துக்கு மிக அருகில் வரும் மாண்டரின் ஒலியைப் பின்யின் ஆர் என்ற எழுத்தால் குறிக்கிறது. பின்யினில் எக்ஸ் என்பது ‘ஷ’. அந்தத் திபெத்தியப் பெயரை திபெத்தின் தலைநகர் லாசாவில் சொல்வதுபோல் ‘டாஷி’ என்று திருத்தினேன். அவரிடம் யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. டாஷி அப்படியே அச்சாகிவிட்டது. அதற்கு மேலே இரண்டு வரி தள்ளி மைமைதி.

நாங்கள் யாரிடம் கேட்டோமோ அவருக்கு அவர் சொன்னபடி கொடுத்தோம். யாரிடம் கேட்கவில்லையோ அவருக்கு நான் சரியென்று நினைத்ததைக் கொடுத்தேன். இவற்றில் எது மரியாதை என்று கேட்டால் ஒருநாள் ஒன்றைச் சொல்கிறேன், மறுநாள் மற்றதை.

இப்போது எங்கள் விவரப் படிவத்தில் ‘வீட்டில் அழைக்கும் பெயர்’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அடுத்து வந்த குழுவில் எல்லோரும் அந்தக் கட்டத்திலும் பாஸ்போர்ட் பெயரையே நிரப்பி அனுப்பியிருந்தார்கள்.